கூறு போட்ட வானம்

தோணிமுடக்கில் கரைவலையில் வானம் ஏறிய காலையில், மேலே ஒன்றுமே இல்லாமல் போனதை முதலில் கவனித்தவை சேவல்கள்தான். கூவுவதற்குக் கழுத்தைத் தூக்கியவை தூக்கிய கழுத்தோடு அப்படியே நின்றன, ஏனென்றால் மேலே நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை, மேகமும் இல்லை, வெள்ளையடிக்காத சுவர் மாதிரி ஒரு நிறம்தான் கவிழ்ந்து கிடந்தது. வெளிச்சம் இருந்தது, ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. ஊர்க்காரர்கள் இதையெல்லாம் பார்க்கவில்லை. அவர்களுக்கு வலை கனத்தது. வலை கனக்கும்போது தோணிமுடக்குக்காரன் வீடு பற்றி எரிந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். எனக்கு அது தாய்மாமன் ஊர், ஆகவே இப்படிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இரண்டு கயிற்றிலும் ஊரே தொங்கியது; போதாததற்கு, கடலுக்குள் நங்கூரம் போட்டுக் கிடந்த கப்பலின் ஆட்கள் நாலு பேரும் தொங்கினார்கள். முதலாளி கைகழுவிவிட்ட கப்பல் அது. துறைமுகத்துக்குள் வரவும் விடவில்லை, சொந்த தேசத்துக்குப் போகவும் விடவில்லை. அதனால் அந்த நாலு பேரும் தண்ணீருக்கும் மீனுக்குமாகக் கரைக்கு வந்து, கயிறு இழுத்து, ஊர்ப் பேச்சைக் கற்று, பெண்களிடம் ஏச்சு வாங்கி, பாதி ஊர்க்காரர்களாகவே ஆகியிருந்தார்கள். லித்துவேனியாக்காரன் வித்தாஸ், கிரேக்கத்துச் சமையல்காரன் ஸ்தெலியோஸ், பீகாரி பன்வாரி, ஈரானிலிருந்து வந்த எஞ்சின்காரன் பஹ்மன். தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர்களுக்குப் பொதுவாக இருந்தது தோணிமுடக்குத் தமிழ்தான், அதிலும் பாதி கெட்ட வார்த்தை.

வலையின் அடிப்பையான மடி கரையேறியபோது உள்ளே மீன் இல்லை. ஒரு கிழவர் கிடந்தார். ஒரு வள்ளத்தின் நீளம்; உடம்பில் நீலம் பூசியிருக்கவில்லை, நீலமே உடம்பாக இருந்தது. நெஞ்சுக்குள் மேகம் மெதுவாக நகர்ந்தது, வலது தோளில் விடியல் சிவந்திருந்தது, வயிற்றில் உச்சிவெயில் கண்ணைக் குத்தியது, முதுகைப் புரட்டிப் பார்த்தால் அங்கே ராத்திரி, அதில் நட்சத்திரங்கள் ஈர முதுகில் மணல் ஒட்டியது போல ஒட்டியிருந்தன. தாடியிலிருந்து மழை சொட்டியது. வலக்கண் பீளை கட்டி இறுகிப்போயிருந்தது. இடக்கண்ணும் மூடித்தான் இருந்தது, ஆனால் அந்த இமைக்குக் கீழே ஏதோ வெட்டி வெட்டி அடங்கியது.

திமிங்கிலக் குட்டி என்றார்கள் சிலர், எந்தச் சர்க்காரோ விட்ட பலூன் என்றார்கள் சிலர். ஊர்த்தலைவர் கஸ்பார் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "எதுவானா என்னல? வலையில வந்தா மீனுதான்," என்றார்.

தோணிமுடக்கின் சட்டம் அது. கரைவலையில் ஏறியது எதுவானாலும் உச்சிப்பொழுது தாண்டுவதற்குள் கூறு போட்டாக வேண்டும். கயிற்றில் கைவைத்த எல்லோருக்கும் ஒரு கூறு, கோயிலுக்கு ஒரு கூறு, வெட்டுகிறவருக்குத் தலை. ஒருமுறை தேக்குமரம் ஏறியது, அறுத்துக் கூறு போட்டார்கள். ஒருமுறை எங்கேயோ புயலில் அடித்துக்கொண்டு போன இரும்பு பீரோ ஏறியது, அதையும் கதவு வேறு தட்டு வேறாகக் கழற்றிக் கூறு வைத்தார்கள். உச்சி தாண்டிவிட்டால் அது யாருக்கும் இல்லை, கடலுக்கே திருப்பித் தள்ளிவிட வேண்டும்.

வெட்டுகிறவள் மோட்சராக்கினி. வெட்டுக்கத்தி அவள் புருசன் தொம்மையுடையது; சுறாவையும் திருக்கையையும் அவர்தான் ஊருக்கு வெட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். போன மழைக்காலத்தில் கடலில் வைத்து அவர்மேல் மின்னல் விழுந்தது, கரைக்கு வந்தது ஒரு கரிக்கட்டை. ஒரே வள்ளத்தில் கூட இருந்தவர்களுக்கு மயிர்கூடக் கருகவில்லை. 'கடல் கறுத்தவுடனே மேல பாத்து தேவனேன்னு ஒரு சத்தம் குடுத்தாரு மயினி, அந்த நிமிசம் விழுந்துச்சு' என்று அவர்கள் வந்து சொன்னார்கள். அன்றிலிருந்து மோட்சராக்கினி அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை. கோயிலில் எல்லோரும் அதைச் சொல்லும்போது இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். மிச்சம் இருந்தது ஒரே மகன் இன்னாசி. அவன் முந்தின நாள் சாயங்காலம்தான் தூரக்கடலுக்குப் போயிருந்தான், இன்னும் திரும்பவில்லை.

கிழவருக்கு உயிர் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. பன்வாரிதான் முதலில் குனிந்து, பயத்தில், "ஹே தேவா!" என்றான். கிழவரின் தலை அவன் பக்கம் திரும்பியது. ஸ்தெலியோஸ் அதிர்ந்துபோய், அவன் ஊரில் அடுப்பில் பால் பொங்கினால்கூடச் சொல்லும் பழைய சத்தியத்தைச் சொன்னான், "மா தொன் தீயா!" தலை அவன் பக்கம் திரும்பியது. கஸ்பார் அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டு "தேவனே" என்றார். அதற்கும் திரும்பியது. யாரோ ஒரு பெண் "வானமே, எங்க வானமே" என்று கத்தினாள், அதற்குத் திரும்பவில்லை. அது நாம் நம் தமிழ் வீட்டில் வைத்த பெயர், அவருக்கு அது தெரியாது. மற்றவர்கள் கூப்பிட்ட பெயர்களெல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகளைப் போல மூக்கும் முழியும் ஒன்றாக இருந்தன, ஒரே வீட்டிலிருந்து கிளம்பி ஒன்று பனிக்குப் போய், ஒன்று தீவுகளுக்குப் போய், ஒன்று கங்கைக்குப் போய், அங்கிருந்து நடந்து நம் வாய்க்கும் வந்து சேர்ந்தது போல. பெற்றவனுக்கு எந்தப் பிள்ளையின் குரலும் அடையாளம் தெரிந்தது.

வித்தாஸ் மண்டியிட்டான். அவன் அம்மா அவனைத் தூங்க வைக்கும்போது சொன்ன சொல் என்று பின்னால் ஸ்தெலியோஸ் சொன்னான். அவன் அழுதுகொண்டே, ஆசையாக, கிழவரின் காதுக்குள், "தியேவே" என்றான்.

இடக்கண் திறந்தது. ஒரு வெள்ளை. அவ்வளவுதான். வித்தாஸ் மண்டியிட்ட வாக்கிலேயே கரியாகி நின்றான், ஒரு காற்றடித்தால் உதிர்ந்துவிடுவான் போல, ஆனால் காற்றும் இல்லாததால் நின்றுகொண்டே இருந்தான். கூட்டம் அலறிக்கொண்டு சிதறியது. பஹ்மன் மட்டும் ஓடாமல், இரண்டு கையாலும் மணலை வாரி அந்தக் கண்ணில் எறிந்து, "தீவ்! தீவ்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். கண் அவனையும் தேடித் திரும்பியது, மணல் உறுத்தி மூடிக்கொண்டது.

"என்னல சொன்ன?" என்று கேட்டார் கஸ்பார்.

"பேய். எங்க ஊர்ல இது பேய் பேரு," என்றான் பஹ்மன்.

பன்வாரி அவன் வாயில் குத்தினான். ஸ்தெலியோஸ் கப்பல் கயிற்றின் இரும்புக் கொக்கியால் தாடையில் அடித்தான், எலும்பு விலகிய சத்தம் கரை முழுக்கக் கேட்டது. கடலில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் அவனைக் கரையில் போட்டு மிதித்தார்கள்; ஏன் மிதிக்கிறோம் என்று தெரியாமல் ஊர்ப் பிள்ளைகள் சிலரும் சேர்ந்து மிதித்தார்கள், அது தோணிமுடக்கின் வழக்கம். பஹ்மன் ரத்தம் துப்பித் துப்பி அதே சொல்லைச் சொன்னான், அவன் சொல்லுகிற ஒவ்வொரு முறையும் கிழவர் பாசமாகத் தலையை அவன் பக்கம் திருப்பப் பார்த்தார்.

அப்போதுதான் கஸ்பார் அண்ணாச்சி தன் காலடியைப் பார்த்தார். "ஏ, நிழலு எங்கல? ஒருத்தனுக்கும் நிழல் விழலியே. உச்சி ஆயிட்டுல! இன்னும் செத்த நேரம் போனா கைய விட்டுப் போயிரும். மோட்சம், கத்திய எடுட்டி!"

நிழல் விழாவிட்டால் உச்சிப்பொழுது என்பதுதான் அவர்கள் படித்த ஒரே கடிகாரம். மேலே வானம் இல்லாததால்தான் நிழல் இல்லை, அந்த வானம்தான் காலடியில் கிடக்கிறது என்று, வானமே எனக் கத்திய வாய்கூடச் சொல்லவில்லை. கூறு போய்விடும் என்ற பதற்றம் வந்துவிட்டால் அந்த ஊரில் யாருக்கும் புத்தி வேலை செய்யாது. வித்தாஸை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, வட்டம் கட்டி நின்றார்கள்.

மோட்சராக்கினி வெட்டினாள். தொம்மையின் கரிக்கட்டையை எந்தக் கையால் தூக்கி வைத்தாளோ அந்தக் கையால், அழவும் இல்லாமல் திட்டவும் இல்லாமல், கழுத்தில் தொடங்கி வெட்டினாள். முதல் வெட்டில் அந்தி தெறித்து அவள் முகமெல்லாம் சிவந்தது, இரண்டாம் வெட்டில் கழுத்துக்குள்ளிருந்து ஒரு புயல் பீறிட்டு வந்து ஓலைக் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போனது, தோளை அறுக்கும்போது பறவைக் கூட்டம் ஒன்று அறுபட்ட இடத்திலிருந்து கிளம்பிப் போக இடமில்லாமல் மணலில் விழுந்து செத்தது, வயிற்றைக் கீறும்போது சூடு தாங்காமல் பிடித்திருந்தவர்களின் கை வெந்தது, அவள் நிறுத்தவில்லை, எலும்பு வந்த இடத்தில் கோடரி கேட்டு வாங்கினாள், ஒவ்வொரு வெட்டுக்கும் 'இந்தா, இந்தா' என்று மட்டும் சொன்னாள், யாருக்குச் சொன்னாளோ. கிழவர் கத்தவில்லை. அவரை யாரும் கூப்பிடவில்லை, அதனால் அவருக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

பிறகு கூறுக்குப் பெயர் சொல்லும் லேயோன் முறைப்படி முதுகைக் காட்டி நின்றான், கஸ்பார் ஒவ்வொரு கூறாகத் தொட்டு "இது யாருக்கு?" என்றார், லேயோன் திரும்பாமலே பெயர் சொன்னான். உச்சிவெயில் வயிறு கஸ்பாருக்கே விழுந்தது. ராத்திரி முதுகு லேயோனுக்கும் அவன் அண்ணனுக்கும் சேர்ந்து விழுந்தது. மழைத்தாடியை மட்டும் தலையிலிருந்து அறுத்துக் கோயிலுக்கு வைத்தார்கள். வலது கை, தாடை உடைந்து கிடந்த பஹ்மனுக்கு. கயிற்றில் கைவைத்தவன் பேய் என்றாலும் கூறு கூறுதான். விடியல் தோள் வித்தாஸுக்கு விழுந்தது, செத்தவன் கூறை அவனோடேயே புதைத்தார்கள், அன்றிலிருந்து கல்லறைத் தோட்டத்தின் அந்த மூலை மட்டும் எப்போதும் மெல்லச் சிவந்திருந்தது. தலையை மோட்சராக்கினி கோணிச் சாக்கில் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது, ஊர்கள் எதற்குத்தான் பழகாது. உப்புப் போட்டுக் காயவைத்தார்கள், காயவில்லை, அதனால் அப்படியே கூரையில் தொங்கவிட்டார்கள். மழை வேண்டியவர்கள் குடத்தோடு கோயிலுக்குப் போய்த் தாடியைப் பிழிந்துகொண்டார்கள். மேலே ராத்திரி வராததால் யாருக்கும் தூக்கம் வரவில்லை. லேயோன் வீட்டு முதுகுக்கு அடியில் படுத்தால்தான் தூங்கலாம், ஆகவே பிள்ளைத்தாய்ச்சிகளும் கிழடுகளும் அங்கே வரிசையில் நின்றார்கள். மீன் காயவைக்க வெயில் கஸ்பார் வீட்டு முற்றத்தில் மட்டும் இருந்தது. தன் கட்சிக்காரன் மீனைக் காயவிட்டார், ஆகாதவன் மீனை நாறவிட்டார், முற்றத்தைச் சுற்றி அரிவாளோடு ஆள் போட்டார். நாற்றம் பொறுக்காத தெற்குத்தெருக்காரர்கள் முள்வேலியை உடைத்துக்கொண்டு வந்தபோது, உச்சிவெயிலில் வைத்து, எல்லோரும் பார்க்க, இரண்டு பேரைக் குடல் சரிய வெட்டினார்கள். லேயோனும் அவன் அண்ணனும் ராத்திரியை நடுவில் கிழித்துக்கொள்வதா, முறைவைத்துக்கொள்வதா என்று பேசி, பேச்சு முற்றி, அண்ணன் தம்பியின் தொண்டையில் மீன் குத்தித் தூக்கும் கொக்கியைச் செருகினான். லேயோன் நட்சத்திரங்களுக்கு அடியில், அந்த ஊரிலேயே அப்போது நட்சத்திரம் இருந்த ஒரே இடத்தில், கண் திறந்தபடி கிடந்தான். துஷ்டிக்கு வந்தவர்கள் ஒப்பாரி வைத்தபடியே ஆளுக்குக் கொஞ்சம் அங்கே தூங்கினார்கள்.

இதில் ஒன்றும் மோட்சராக்கினியை அசைக்கவில்லை. அவளை அசைத்தது இன்னாசி வராததுதான். காற்று இல்லை, கிழக்கு மேற்கு இல்லை, பார்த்து ஓட்ட ஒரு வெள்ளி இல்லை. கையில் வைத்திருக்கும் ஜிபிஎஸ் பெட்டியும் மேலே கேட்டுத்தானே சொல்லும், அதுவும் ஊமையாகியிருக்கும். டீசல் தீர்ந்து, தண்ணீர் தீர்ந்து, வெள்ளையடிக்காத சுவருக்கு அடியில் அவன் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பான். வெட்டியவள் தான்தான் என்ற நினைப்பு வந்தபோது அவள் அடுப்படியில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். புருசனுக்காக வெட்டின வெட்டு மகன்மேல் விழுந்துவிட்டதே என்று வாய்விட்டே அழுதாள்.

அங்கே பஹ்மன் வந்தான். தாடையைத் துணியால் கட்டியிருந்தான். தோளில் கிழவரின் வலது கையைச் சுமந்திருந்தான், அதன் விரல்கள் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி இருந்தன. "அக்கா, இது ராத்திரி பகல் என்னைத் தடவுது. வேண்டாம். நீ வை," என்றான்.

"பேயின்ன. பேயி தடவுமா?" என்றாள் அவள்.

பஹ்மன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அவனுக்குத் தெரிந்த தமிழில், தாடை வலிக்க வலிக்கச் சொன்னான். "எங்க பாட்டன் பாட்டன், பன்வாரி பாட்டன் பாட்டன், எல்லாம் ஒரு வீடு. அண்ணன் தம்பி. ஒரே அப்பா பேரு. அப்புறம் சண்டை. வீடு ரெண்டு. இவன் சாமி சொன்னதை அவன் பேய் சொன்னான். பேரு மாத்தல அக்கா. பேரு அதேதான்."

"அப்ப யாரு சொன்னது நெசம்?"

"அப்பா ஒண்ணு. கொஞ்சினவன் சாமி சொல்வான். அடி வாங்கினவன் பேய் சொல்வான்."

மோட்சராக்கினி எழுந்து உள்ளே போனாள். தலை அண்டாவில் உப்புத் தண்ணீரில் மிதந்தது. "ஏ வானம்," என்றாள். "எதுக்கு எம் புருசன எடுத்த?" தலை அசையவில்லை. அந்தப் பெயர் அதற்குக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும், கேட்கிற பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஈரச் சாக்கை நாலாக மடித்து இடக்கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டு, பின்னாலேயே வந்த பஹ்மனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, "தீவ்," என்றான்.

சாக்கு பொசுங்கியது, கூரையில் ஒரு துளை விழுந்தது. தலை வாயைத் திறந்தது. எந்தப் பாஷையில் பேசியது என்று இரண்டு பேராலும் பின்னால் சொல்ல முடியவில்லை, இரண்டு பேருக்கும் புரிந்தது.

"கூப்பிட்டான்," என்றது தலை. "யார் என்று பார்த்தேன்."

அவ்வளவுதான். அதில் கோபம் இல்லை, தீர்ப்பும் இல்லை. பிள்ளை கூப்பிட்டால் தகப்பன் திரும்பிப் பார்ப்பதுதான் அது. அந்தப் பார்வைதான் மின்னல். அதை அவள் எப்படிப் பொறுப்பாள்? தண்டித்தான் என்றால்கூடத் தாங்கியிருப்பாள். உலக்கையை எடுத்து அந்தத் தலையை அடித்தாள், நெற்றி பிளந்து சாயங்காலம் வழிய வழிய அடித்தாள், பஹ்மன் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தும்வரை அடித்தாள். பிறகு மூச்சு வாங்கியது. பிறகு மகன் ஞாபகம் வந்தது. வலை பின்னும் ஊசியில் தடித்த நைலான் நூலைக் கோத்துக்கொண்டு, "அந்தக் கைய கரைக்குக் கொண்டு போ," என்றாள்.

ஒவ்வொரு வீடாகப் போய், தைத்துத் திருப்பி அனுப்ப அவரவர் கூறைக் கேட்டாள். கடலில் பிள்ளை இருந்த வீடுகள் உடனே கொடுத்தன. கோயிலிலிருந்து தாடி வந்தது. லேயோனின் அண்ணன் ராத்திரியைத் தூக்கிவந்து போட்டுவிட்டு, தம்பியைக் குத்திய கையை அவளிடம் நீட்டி, இதையும் எடுத்துக்கொள் என்று அழுதான். கஸ்பார் கொடுக்கவில்லை. முற்றத்தில் வெயிலுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கூறு போட்டது போட்டதுதான் மோட்சம். சட்டத்த ஒனக்காவ மாத்த முடியுமா? எனக்கு விழுந்தது எனக்கு."

"எம் மவன் கடல்ல கெடக்கான் அண்ணாச்சி."

"அதுக்கு நான் என்னட்டி செய்ய? எம் மவனா அங்க இருக்கான்?"

ஆள்கள் அரிவாளை எடுப்பதற்குள் அவள் வெட்டுக்கத்தி இறங்கிவிட்டது. உச்சிவெயில் வயிற்றைப் பிடித்திருந்த கஸ்பாரின் கையில் மூன்று விரல்கள் கீழே விழுந்தன. வெயிலில் கிடந்து கருவாட்டோடு கருவாடாகத் துடித்தன. பன்வாரியும் ஸ்தெலியோஸும் அவளுக்குத் துணையாக வேலியைத் தாண்டி வந்தார்கள், பஹ்மன் அவர்கள் பக்கத்தில் நின்றான், தாடையை உடைத்தவனும் உடைபட்டவனும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று அடித்தார்கள். பன்வாரிக்கு விலாவில் வெட்டு. உச்சிவெயில் வயிறு கரைக்கு வந்தது.

அவள் தைத்தாள். கிழிந்த வலைமடியை எப்படிக் கண்ணி கண்ணியாகத் தைப்பாளோ அப்படியே தைத்தாள். கையைத் தோளோடு, தோளைக் கழுத்தோடு, ராத்திரியைப் பகலோடு. வித்தாஸின் கூறை மட்டும் அவள் தோண்டவில்லை, செத்தவன் கூறில் கைவைக்கக்கூடாது, அந்த இடத்தைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டாள். தலையைத் தைப்பதற்கு முன் எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லி, மறைத்து உட்கார்ந்து, கத்தி முனையால் இடக்கண்ணைத் தோண்டி எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். சேலை புகைந்தது, அவள் அசையவில்லை. இமையை இழுத்துத் தைத்தாள்.

"கூப்பிடுங்க இப்ப," என்றாள்.

ஊர் பயந்தது. கரியாகிப் போன வித்தாஸை எல்லோரும் பார்த்திருந்தார்கள். முதலில் பஹ்மன்தான் வாயைத் திறந்தான், ஏச்சாகவே சொன்னான். பிறகு ஸ்தெலியோஸ். பிறகு விலாவைப் பிடித்துக்கொண்டு பன்வாரி. பிறகு கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஊரே நின்று, தேவனே, தேவனே என்று, அழுதும் ஏசியும் கெஞ்சியும் கத்தியது. கிழவர் எழுந்தார். பார்க்கக் கண் இல்லை, எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் கையை நீட்டினார், அந்தப் பக்கம் நீட்டினார், எல்லாப் பிள்ளையையும் ஒன்றாகத் தொட்டுவிடப் பார்த்து நாலு திசைக்கும் தன்னை இழுத்து இழுத்து விரித்தார், விரிந்து மெலிந்து, மெலிந்து உயர்ந்து, பனைகளைத் தாண்டி, மேலே போய் வானமானார். ஒவ்வொருவர் காலடியிலும் நிழல் சொத்தென்று விழுந்தது. மோட்சராக்கினி ஒருத்திதான் வாயைத் திறக்கவில்லை.

வானம் மேலே திரும்பிய இரண்டாம் நாள் இன்னாசியின் வள்ளம் கரை தட்டியது. உதடெல்லாம் வெடித்து, நாக்கு தடித்து, தவழ்ந்துதான் வந்தான். கரையில் எல்லோருடைய அம்மாக்களும் நின்றார்கள், அவன் அம்மா நிற்கவில்லை. அவளால் வர முடியாது. கண்ணை அவள் உப்புச் சாடிக்குள் புதைத்து, மூடி போட்டு, மூடிமேல் அம்மிக்குழவியை வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தெருவில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் போதும், சாடி குலுங்கியது.

அவன் சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டு வாசலுக்கு வந்து, அம்மாவைக் கண்டு, உயிர் வந்த மாதிரி சிரித்து, "தேவனே..." என்றான்.

குழவி உருண்டது. மூடி எகிறியது. அவள் வலது உள்ளங்கையைச் சாடியின் வாயில் வைத்து அழுத்தினாள், கை வழியாக வெளிச்சம் புகுந்து புறங்கையில் வெளியே வந்து கூரையில் குத்தியது, சதை கருகும் நாற்றத்தில் அவள் பல்லைக் கடித்தபடி இடது கையால் மகன் வாயில் ஓங்கி ஓர் அறை அறைந்தாள். முன்பல் ஒன்று தெறித்துச் சுவரில் பட்டது.

"வாய மூடுல!"

அவன் ரத்தத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். சாடி மெதுவாக அடங்கியது. அவள் இடது கையால் மூடியை எடுத்துப் போட்டு, குழவியை இழுத்து அதன்மேல் வைத்துவிட்டு, துளை விழுந்த கையைச் சிந்திக் கிடந்த உப்பிலேயே துடைத்தாள், பிறகு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"யம்மா, எதுக்கு அடிச்ச?" என்றான் அவன், கடைசியில்.

"இனிமே கடல்ல என்ன ஆபத்து வந்தாலும் அவனக் கூப்பிடாத. என்னயக் கூப்பிடு."

"அம்புட்டுத் தூரத்துல கூப்பிட்டா ஒனக்குக் கேக்குமா?"

"கேக்காதுல," என்றாள் மோட்சராக்கினி. "அதுக்குத்தான் சொல்லுதேன்."